சுவரோரத் தண்ணீர்

சென்னைக்குத் தெற்கே, சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கிய ஓரிடத்தில் 'ஆல்பைன் எலிகன்ஸ்' என்றொரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. ஆல்ப்ஸ் மலைக்கும் அதற்கும் இருந்த ஒரே ஒற்றுமை, இரண்டு இடத்திலும் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஏதோ படியும் என்பதுதான். அங்கே பனி, இங்கே உப்பு. போர்வெல் தண்ணீரில் குளித்துவிட்டு வெயிலில் நின்றால் ஆசாமி கருவாடாகிவிடுவான். குழாய்கள் பூத்தன. கீசர்கள் உயிரை விட்டன. தலைமுடி தேங்காய் நாராயிற்று. லாரித் தண்ணீர் வராத காலைகளில் பன்னாட்டு நிறுவனங்களின் துணைத் தலைவர்கள் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு லிஃப்டில் இறங்கி, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

ஜெசிந்தா அங்கே சி பிளாக்கில் வாடகைக்கு இருந்தாள். நாகர்கோவில்காரி. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேதியியலாளர். ஆறு வருடமாக ஒரே ஒரு பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு வருஷம் வெளியிடத்தில் ஓடிக் காட்டட்டும். இல்லையென்றால் உங்களை ஷாம்பூ பிரிவுக்கு மாற்றிவிடுகிறோம்" என்று நிறுவனம் அன்பாகச் சொல்லியிருந்தது. தன் குடியிருப்புத் தொட்டியைக் காட்டிலும் மோசமான தண்ணீர் இந்தப் பூமியில் எங்கே கிடைக்கும் என்று நினைத்து, அவள் நலச் சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் போனாள். சங்கத்தில் வாடகைக்காரர்களுக்கு ஓட்டு கிடையாது. நாற்காலி உண்டு, மிஞ்சினால்.

சங்கத் தலைவர் ஆராவமுதன், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். எந்தத் துறையில் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சாயங்காலம் போய்விடும். அவர் வீட்டு வாசலில் இருந்த பித்தளைப் பலகையில் 'தலைமைப் பொறியாளர்' என்பது தெருமுனையிலிருந்தே தெரியும். 'ஓய்வு' என்பதைப் படிக்க மூக்குக்கண்ணாடியும் நல்லெண்ணமும் வேண்டும்.

"இதிலே என்ன மெஷின் இருக்கு?" என்றார் அவர்.

"மெஷினே கிடையாது சார். தொட்டிச் சுவர்லே ஒரு திரவம் தடவுவேன். அதிலே இருக்கிற மூலக்கூறுகள் தானா அடுக்கிக்கும். தலை சுவரைப் பிடிச்சுக்கும், வால் தண்ணிப் பக்கம் நீட்டிக்கிட்டு நிற்கும். ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஒரு படலம். யாரும் தள்ள வேண்டாம், அதட்ட வேண்டாம். தானா வரிசையிலே நிற்கும்."

"தானா வரிசையிலயா? நம்ம ஊர்லயா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்த வால் தண்ணியிலே இருக்கிற உப்பைப் பிடிச்சு, பொடியாக் கட்டி, கீழே உதிர்த்துடும். அப்பப்போ அடிக்குழாயைத் திறந்துவிட்டா உப்பு வெளியே போயிடும். தண்ணியிலே கரைஞ்சிருக்கிற கசடை வச்சே படலம் தன்னை மாதிரி இன்னொண்ணையும் கட்டிக்கும். ஒரு மூலையிலே தடவினாப் போதும், மெல்லப் பரவும்."

செயலாளர் குமரகுரு கையைத் தூக்கினார். எதையும் பைலாப்படி கேட்பவர். "ஓடற தண்ணி அதை இழுத்துட்டுப் போயிடாதா மேடம்?"

"சுவரைத் தொட்டுக்கிட்டிருக்கிற தண்ணி ஓடவே ஓடாது சார். ஓட்டமெல்லாம் நடுவிலேதான். கல்யாண மண்டபத்திலே நடுவிலே எல்லாரும் அலைவாங்க. சுவரோரமா நாற்காலி போட்டவங்க அசைய மாட்டாங்க இல்லையா? அந்த மாதிரி. படலம் அந்தச் சுவரோரத் தண்ணியிலேதான் வேலை செய்யும். ஓட்டத்துக்கு எதிராக்கூடப் போகும்."

"வயித்துக்குள்ளே போனா?"

"கலைஞ்சிடும் சார். வயித்திலே இருக்கிறது ஆசிட்தானே. மண்ணிலயும் நிற்காது. அதுக்கு ஒரு சுவர் வேணும், ஈரம் வேணும், ஆசிட் மட்டும் படக்கூடாது."

அந்த மூன்றாவது நிபந்தனையின்போது சமோசா வந்துவிட்டது.

அனுமதி கிடைத்தது. ஏ பிளாக் மொட்டைமாடியில் எல்லா பிளாக்குக்கும் பொதுவாக இருந்த டைல்ஸ் பதித்த பெரிய தொட்டியின் வடக்குச் சுவரில் ஜெசிந்தா திரவத்தைத் தடவினாள். பொங்கல் முடிவதற்குள் தண்ணீரில் பருப்பு வெந்தது. அந்த ஊரில் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகுவதைப் பார்த்துச் சில பெண்கள் அடுப்படியில் நின்று சிரித்தார்கள். ஒருத்தி அழுதாள். ஆராவமுதன் சொற்பொழிவு ஆற்றினார். முதல் கூட்டத்தில் அது 'டாக்டர் ஜெசிந்தாவின் படலம்' ஆக இருந்தது. இரண்டாவதில் 'நமது படலம்' ஆயிற்று. மூன்றாவதில், 'அடியேன் மேற்பார்வையில்' என்று தொடங்கினார்.

கோடையில் அவருக்கு இன்னொரு யோசனை தோன்றியது: தண்ணீர்ப் பந்தல். சாலைக்கு எதிர்ப்புறம் அரசு கட்டிக் கொடுத்த நாலுமாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதற்கு ஆல்ப்ஸ், ஆண்டீஸ் என்று பெயரெல்லாம் இல்லை. 'எதிர் பிளாக்' என்றால் போதும். ஆல்பைன் எலிகன்ஸில் பாத்திரம் துலக்குபவர்கள், காவல் காப்பவர்கள், கார் கழுவுபவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கி, சாலைக்கு அடியிலிருந்த மழைநீர்ப் பாலம் வழியாக அந்தப் பக்கம் போய், ஒரு கறுப்புத் தொட்டியில் முடிந்தது. அதன் மேல் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். அதில் ஆராவமுதன் கைகூப்பி நின்றார். தண்ணீரின் படத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது.

எதிர் பிளாக்காரர்கள் கறுப்புத் தொட்டியில் வழிவது வீணாகக் கூடாதென்று ஒரு ட்யூபைச் செருகித் தங்கள் தரைத்தொட்டிக்குள் விட்டார்கள். அதில் இருந்தது அவர்கள் சொந்தப் போர்வெல்லின் சொந்த உப்புத் தண்ணீர்.

கோடை போயிற்று. பேனரைக் கழற்றினார்கள், அது மறுபடி உதவும். வால்வை மூடினார்கள், நம் ஊரில் ஒரு வால்வு எவ்வளவு மூடுமோ அவ்வளவு. குழாயைக் கழற்றுவது யார் வேலை என்று முடிவாகாததால் அது கிடந்தது, உள்ளே ஈரத்தோடு.

ஆவணியில் ஜெசிந்தா அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அப்போது ஆல்பைன் எலிகன்ஸுக்கு 'சிறந்த நீர் மேலாண்மை' விருது கிடைத்தது. நடுவர்கள் வந்து தொட்டியைப் பார்த்தார்கள். ஆராவமுதன் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும் புகைப்படம் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. அந்தச் சமயத்தில் கொஞ்ச நாள் எல்லார் வீட்டிலும் காபி கரித்தது. பால் கம்பெனியை மாற்றினார்கள். ஊரிலிருந்து திரும்பிய ஜெசிந்தாவும் சமையலறைக் குழாய்த் தண்ணீரை வாராவாரம் சோதித்து, உப்பு சற்று ஏறியிருந்து மெல்ல இறங்குவதைக் கவனித்தாள். நிலத்தடி நீர் கீழே போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்குச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடும். மேலே ஏறிப் பார்த்திருக்கலாம். ஆனால் மொட்டைமாடிச் சாவி தலைவரிடம் இருந்தது. வாடகைக்காரர் சாவி கேட்டால் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். சொந்தக்காரர் டொராண்டோவில் இருந்தார்.

வினை, ஒரு காட்டன் புடவை வடிவில் வந்தது.

ஆல்பைன் எலிகன்ஸ் கேட்டுக்கு வெளியே தவமணி இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். எதிர் பிளாக்கில் இரண்டாம் மாடி. வாயும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே சூடு. முன்பெல்லாம் அவள் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு விழும். இப்போது பி பிளாக் அம்மாள் ஒருத்தி புடவையைப் பிரித்துப் பார்த்து அசந்துபோனாள். "எப்படிடி தவமணி, கடையிலே வாங்கின மாதிரி இருக்கு?"

"தண்ணிதாம்மா. எங்க தண்ணி இப்ப உங்க தண்ணி மாதிரியே கீது."

இந்த வாக்கியம் மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழுவைத் தீப்பிடிக்க வைத்தது. நல்ல தண்ணீர் வந்த பிறகு அங்கே ஃப்ளாட்டுகளின் விலை ஏறியிருந்தது. எதிர் பிளாக்கிலும் அதே தண்ணீர் என்றால் ஆல்ப்ஸ் எதற்கு? அவசரக் கூட்டம் கூடியது.

"இது திருட்டு" என்றார் ஆராவமுதன்.

"உங்க தண்ணியிலே ஒரு சொட்டுக் குறையலை சார்" என்றாள் ஜெசிந்தா. "அவங்க போர்வெல், அவங்க தொட்டி. படலம் மட்டும் குழாய்ச் சுவரோரமா நடந்து போயிருக்கு."

"அந்தப் படலம் யாருது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குத் தெரியாது சார்."

"மேடம், பர்மிஷன் நம்ம காம்பவுண்டுக்குள்ளே மட்டும்தான்" என்றார் குமரகுரு. அது உண்மை. நிறுவனத்தின் தாளிலும் அப்படித்தான் இருந்தது. படலம் எல்லை தாண்டியது தெரிந்தால் ஒரு வருடக் கணக்கு முடிவதற்கு முன்பே சோதனையை நிறுத்திவிடுவார்கள்.

முடிவு எளிமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜெசிந்தா எதிர் பிளாக் தொட்டியில் ஆசிட் ஊற்றிப் படலத்தைக் கலைக்க வேண்டும், குழாயைப் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி ரத்து, நிறுவனத்துக்குக் கடிதம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஜெசிந்தாவுக்கு மனது இருந்தாலும் ஓட்டு இல்லை.

சனிக்கிழமை காலை, படலத்தின் மேல் அடித்தால் அதைப் பச்சையாக ஒளிரச் செய்யும் ஒரு நீல டார்ச்சோடு அவள் சாலையைக் கடந்தாள். தவமணி தரைத்தொட்டியின் மூடியைப் புரட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கலைக்கத்தானே வந்தே டாக்டரம்மா? அப்ப டார்ச்சு எதுக்கு, அழகு பாக்கவா?"

ஜெசிந்தா குனிந்து டார்ச்சை அடித்தாள். அழுக்குச் சிமென்ட் சுவர் நாலு பக்கமும் பச்சையாக ஒளிர்ந்தது. ஓர் ஓட்டை இல்லை, ஒரு கிழிசல் இல்லை. ஆய்வுக்கூடத்தில், காய்ச்சி வடித்த தண்ணீரில், கையுறை போட்டுக்கொண்டு அவள் செய்த எந்தப் படலமும் இத்தனை நன்றாக வந்ததில்லை. டார்ச்சைச் சுவர் சுவராகத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"இன்னா, செத்துப் போச்சா?" என்றாள் தவமணி.

"இல்லக்கா. ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இல்லாம? எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு வாட்டி கல்லடைப்பு. ஆஸ்பத்திரியிலே தரையிலே உருண்டாரு. இந்த ஆறு மாசமா ஒண்ணுங் கெடையாது. டாக்டரு இன்னா மருந்து சாப்புடறேன்றாரு. தண்ணின்னா நம்ப மாட்றாரு." அவள் மூடியை எட்டி உதைத்தாள். "நீ கலைக்கலைன்னா உன்னை இன்னா பண்ணுவானுங்க?"

"ஷாம்பூ செய்யப் போடுவாங்க."

"அது நல்ல வேலைதானே? ஆனா தண்ணி உப்பாப் போனா உன் ஷாம்பூ எங்க நொரைக்கும்?"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. மூடியைத் தானே இழுத்து மூடினாள். மூடும்போதே முடிவும் ஆகிவிட்டது. ஷாம்பூ என்றால் ஷாம்பூ. கையால் இதைக் கலைக்க முடியாது.

அதைச் சொல்லிவிடத்தான் நேராக ஆராவமுதன் வீட்டு மணியை அடித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வாங்க, வாங்க. ஆசிட்டுக்கு அலைய வேண்டாம். நம்ம ஸ்டோர் ரூம்லயே மிச்சம் மூணு கேன் இருக்கு."

ஜெசிந்தா சொல்ல வந்ததை விழுங்கினாள். "மிச்சமா? எதிலே மிச்சம் சார்?"

"தொட்டி கழுவினதிலே."

"எந்தத் தொட்டி?"

"நம்ம தொட்டிதான்! விருதுக்கு நடுவர்கள் வராங்க, சுவரெல்லாம் வழவழன்னு பிசுக்கு மாதிரி இருக்கு. காட்ட முடியுமா? நீங்க ஊர்லே இருந்தீங்க. நானே கூட நின்னு, ஆளை விட்டு, ஆசிட் ஊத்தித் தேய்க்கச் சொன்னேன். கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. போட்டோ பார்க்கலையா?"

விருந்தாளி வருகிறார் என்றால் நாம் வீட்டில் உயிரோடு இருப்பதை எல்லாம் தேய்த்துக் கழுவிவிடுவோம். ஆறு வருட வேலையை ஒரு தேங்காய் நாரும் ஒரு தலைமைப் பொறியாளரும் ஒரே காலையில் முடித்திருந்தார்கள். ஜெசிந்தாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது: படலமே போயிருந்தால் இப்போது குழாயில் நல்ல தண்ணீர் வருவது எப்படி? அது கோபத்தைப் பின்னுக்குத் தள்ளியது.

"சாவியை எடுங்க சார்" என்றாள்.

அந்தக் குரலில் டொராண்டோ கையெழுத்துக்கெல்லாம் இடமிருக்கவில்லை. அவர் எடுத்தார்.

தொட்டிக்குள் அவள் டார்ச்சை அடித்தாள். அவள் தடவிய வடக்குச் சுவர் இருட்டாக, மொட்டையாக நின்றது. கிழக்குச் சுவரும் அப்படியே. தெற்கு மூலையில், பந்தலுக்குப் போகும் குழாயின் வாயைச் சுற்றி மட்டும் பச்சை ஒளி. அங்கிருந்து அது விரித்த விசிறி போலச் சுவரில் ஏறி, பாதித் தொட்டி வரை வந்திருந்தது. ஓரம் இன்னும் ஒழுங்காகவில்லை. வளர்ந்துகொண்டிருந்தது.

ஆராவமுதன் பழக்கப்படி தலையை உள்ளே விட்டார். இந்த முறை போட்டோ எடுக்க ஆளில்லை. அவர் என்ன இருந்தாலும் பொறியாளர். விசிறியின் காம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்.

"குழாயிலேர்ந்து வருதே" என்றார்.

"ஆமா சார்."

"குழாய்க்கு அந்தப் பக்கம்..."

"எதிர் பிளாக். நீங்க கழுவினதிலே நம்மது போயிடுச்சு. அவங்க தொட்டியிலேர்ந்து சுவரோரமாத் திரும்பி ஏறி வந்திருக்கு. அதுதான் கொஞ்ச நாள் காபி கரிச்சது. இது இன்னும் முழுசா நிக்கலை. இப்ப அங்கே ஆசிட் ஊத்திக் குழாயைப் பிடுங்கினா இதுவும் வாடிடும்."

"அப்ப இத்தனை நாளா நாங்க குடிக்கிறது..."

"உங்க போர்வெல், உங்க தொட்டி சார்" என்றாள் ஜெசிந்தா. "படலம் மட்டும் அவங்களுது."

அவர் தலையை வெளியே எடுத்தார். கைப்பிடிச் சுவரில் மெல்ல உட்கார்ந்தார். பித்தளைப் பலகையில் சின்ன எழுத்தில் இருந்த 'ஓய்வு' முதன்முறையாக அவர் முகத்தில் தெரிந்தது. எதிர் பிளாக்கின் துணிக்கொடிகளைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் கழுவினது யாருக்காவது தெரியுமா?"

அவரை அங்கேயே வறுத்து எடுத்திருக்கலாம். அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் தொட்டிக்குள் பாதி வளர்ந்த விசிறி ஒன்று நின்றது. அதற்கு இவர் அவமானத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

"நான் நிறுவனத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதப் போறேன் சார். எல்லை தாண்டினது, தொட்டி கழுவினது, திரும்பி வந்தது, எல்லாம். யார் கழுவினதுன்னு அவங்க கேக்க மாட்டாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. குழாயைத் தொடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆராவமுதன் எழுந்து நின்றார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நண்பர்களே! எந்தப் பெரிய அமைப்புக்கும் ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும். அடியேன் பணியில் இருந்த காலம் தொட்டு இதை வலியுறுத்தி வருகிறேன். அந்தத் தொலைநோக்கோடுதான், தண்ணீர்ப் பந்தல் என்ற பெயரில், எதிர்ப்புறம் நமக்கு ஒரு காப்புத் தொட்டியை ஏற்படுத்தினோம்." பலத்த கைதட்டல். தீர்மானம் ஒருமனதாக ரத்தானது, அதே கைகளால். குழாய் நிரந்தரம் என்று புதிய தீர்மானம் வந்தது. ஜெசிந்தா சிரிப்பை அடக்க ஒரு முழுச் சமோசாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

நிறுவனம் அவளைக் கூப்பிட்டு முதலில் திட்டியது. பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்தது. தனியாக ஒரு தொட்டி என்றால் யாராவது ஒருநாள் கழுவிவிடுவார்கள். இரண்டு தொட்டிகளைக் குழாயால் இணைத்துவிட்டால், ஒன்று அழிந்தாலும் மற்றது ஊட்டி வளர்த்துவிடும். ஆய்வுக்கூடத்தில் பத்து வருடம் உட்கார்ந்தாலும் இது தெரிந்திருக்காது, அங்கே யாரும் விருதுக்காகத் தொட்டி கழுவுவதில்லை. இயக்குநர் இந்தக் கண்டுபிடிப்புக்குத் தன் பெயரையும் முதலில் சேர்த்துக்கொண்டு, இன்னும் நாலு இடங்களுக்கு அனுமதி கொடுத்தார். அதில் ஒரு நிபந்தனை: இனிமேல் எங்கே வைத்தாலும் இரண்டு தொட்டிகளை இணைத்து அக்கம்பக்கமாகத்தான் வைக்க வேண்டும். ஷாம்பூ பிரிவு ஜெசிந்தாவை இழந்தது.

அடுத்த சித்திரையில் ஒருநாள் காலை, ஆல்பைன் எலிகன்ஸ்காரர்கள் கேட்டைத் திறந்தபோது எதிரே ஒரு பேனர் நின்றது. போன வருடத்துப் பேனரைவிட ஒரு சாண் பெரிது. அதன் முகம் சாலையில் போகிறவர்களைப் பார்க்காமல் நேரே ஆல்பைன் எலிகன்ஸைப் பார்த்திருந்தது. அதில் தவமணி கைகூப்பி நின்றாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் சிங்காரமும், தெரிந்த முகமாக இன்னும் இரண்டு ஆட்களும். 'எதிர்வீட்டு உறவுகளின் தாகம் தீர்க்கும் தண்ணீர்ப் பந்தல். அன்புடன், எதிர் பிளாக்.'

ஜெசிந்தா வண்டியருகே ஓடினாள். "அக்கா, உங்ககிட்ட யாரு சொன்னது? நான் யார்கிட்டயும்..."

"யாரு சொல்லணும்?" தவமணி பெட்டியில் கரியை ஊதினாள். "அன்னிக்கு உங்க தொட்டியை ஆசிட்டு ஊத்திக் கழுவினதே எங்க வூட்டுக்காரரும் அதோ அந்த ரெண்டு பேருந்தான். பேனர்ல கீறாங்களே. உன் ஆபீசுலேந்து குழாயைப் பாக்க வந்தானுங்களே, அவனுங்க மீதியைச் சொன்னானுங்க. நாங்கதான் அய்யா மனசு கஷ்டப்படுமேன்னு பேசாம இருந்தோம்."

அதற்குள் ஆராவமுதனே வந்துவிட்டார், தேய்க்க வேண்டிய சட்டைகளோடு. பேனரைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சிங்காரத்தின் முகத்தில் அவர் பார்வை நின்றது.

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றார் கடைசியில். "தெருமுனையிலேர்ந்து தெரியணும்."

தவமணி பந்தலிலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். "குடிங்க சார். வெயில்ல வந்துருக்கீங்க. நம்ம தண்ணிதான்."

தலைமைப் பொறியாளர் அண்ணாந்து, சட்டையெல்லாம் நனைய, சொம்பைக் கவிழ்த்துக் குடித்தார்.